அறுபத்து நான்கில் ஒரு பங்கு மில்டன்: 18ஆம் நூற்றாண்டு லண்டன் புத்தக வணிகமும் பதிப்புரிமையும்

18ஆம் நூற்றாண்டு லண்டனில் பெரிய புத்தக வியாபாரி ஒருவர் இறந்துபோனாலோ தொழிலை விட்டு ஒதுங்கினாலோ அவருடைய சொத்து ஏலத்துக்கு வரும். அந்த ஏலத்துக்குள் எல்லாரும் நுழைந்துவிட முடியாது. விடுதி ஒன்றில், அழைப்புப் பெற்ற வியாபாரிகளுக்கு மட்டும் விருந்து வைப்பார்கள். சாப்பாடும் மதுவும் முடிந்த பிறகு ஏலம் தொடங்கும். கையிலிருக்கும் அச்சுப் பட்டியலில் புத்தகக் கட்டுகள் இருக்கும். அவற்றைவிட மதிப்புள்ள வேறொன்றும் இருக்கும். அதுதான் அச்சிடும் உரிமையின் பங்கு. ஷேக்ஸ்பியரில் எட்டில் ஒன்று, மில்டனில் பதினாறில் ஒன்று என்று உரிமைகள் துண்டு துண்டாகக் கைமாறும். அறுபத்து நான்கில் ஒன்று, அதற்கும் குறைவு என்ற அளவுக்கெல்லாம் பங்குகள் பிரிந்துகிடந்தன.

அக்காலத்து ஆங்கிலப் புத்தக உலகைப் புரிந்துகொள்ள இந்த விருந்து ஏலம்தான் சரியான வாசல். புத்தகம் விற்று வரும் லாபம் அத்தொழிலின் ஒரு பகுதி மட்டுமே. நிரந்தரமான பணம், ஒரு நூலை வேறு யாரும் அச்சிட முடியாது என்ற உறுதியில் இருந்தது. அந்த உறுதியைக் காப்பாற்றுவதற்காக லண்டன் வியாபாரிகள் 60 ஆண்டுகளுக்கு மேல் சட்டத்தோடு மல்லுக்கட்டினார்கள். அவர்கள் கையில் ஏந்தியிருந்த கொடியில் எழுத்தாளரின் பெயர் இருந்தது. கொடியைப் பிடித்திருந்தவர்கள் யார், அதனால் எழுத்தாளருக்கு என்ன கிடைத்தது, வாசகருக்கு என்ன கிடைத்தது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

உரிமை சொத்தான கதை

லண்டனின் அச்சகத்தாரும் புத்தக வியாபாரிகளும் சேர்ந்த ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்ற தொழிற்சங்கம் 1557-இல் அரச சாசனம் பெற்றது. அரசுக்கும் சங்கத்துக்கும் இடையே இருந்தது கொடுக்கல் வாங்கல். எவர் எதை அச்சிடுகிறார் என்று சங்கம் கண்காணிக்கும். பதிலுக்கு அச்சுத்தொழில் சங்கத்தாரின் ஏகபோகமாக இருக்கும். சங்கத்தின் பதிவேட்டில் ஒரு நூலைத் தன் பெயரில் எழுதிக்கொண்டவர் அதன் உரிமையாளர். நூலை எழுதியவர் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வரவே மாட்டார். 1667-இல் மில்டன் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தைச் சாமுவேல் சிம்மன்ஸ் என்ற அச்சகத்தாருக்குக் கொடுத்தபோது கையில் வாங்கியது 5 பவுண்டு. முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்தபின் இன்னொரு 5. அவர் இறந்தபின், 1680-இல், மனைவி 8 பவுண்டு வாங்கிக்கொண்டு மீதி உரிமையையும் எழுதிக்கொடுத்தார். ஆக மொத்தம் 18 பவுண்டு. பின்னர் அந்த உரிமையை வாங்கிய ஜேக்கப் டான்சனின் குடும்பம் மூன்று தலைமுறை அதில் சம்பாதித்தது.

1695-இல் உரிமச் சட்டத்தை நாடாளுமன்றம் புதுப்பிக்காமல் விட்டது. முன்தணிக்கை போயிற்று, கூடவே சங்கத்தின் ஏகபோகத்துக்கு இருந்த சட்டப் பாதுகாப்பும் போயிற்று. அதே ஆண்டு பிரிஸ்டலில் ஓர் அச்சகம் எழுந்தது. 1701-இல் நார்விச்சில் மற்றொன்று. பழைய சட்டத்தை மீட்டுத் தரும்படி வியாபாரிகள் திரும்பத் திரும்ப மனுப்போட்டும் பலிக்கவில்லை. அப்போதுதான் வாதத்தை மாற்றினார்கள். எங்கள் தொழில் கெடுகிறது என்று சொல்லிவந்தவர்கள், எழுத்தாளரும் அவர் குடும்பமும் நடுத்தெருவில் நிற்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினார்கள். அது எடுபட்டது.

ராணி ஆன் காலத்தில் 1710-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் புது நூலுக்கு 14 ஆண்டு உரிமை தந்தது; அது முடியும்போது ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டு. ஏற்கெனவே அச்சில் இருந்த நூல்களுக்கு 21 ஆண்டு. கணக்குப்படி 1731-இல் ஷேக்ஸ்பியரும் மில்டனும் பொதுச் சொத்தாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. சட்டம் சொல்லும் காலவரையறை வேறு, மரபுச் சட்டப்படி ஆசிரியருக்கு உள்ள நிரந்தர உரிமை வேறு, அந்த நிரந்தர உரிமையைத்தான் நாங்கள் விலைகொடுத்து வாங்கியிருக்கிறோம் என்று லண்டன் வியாபாரிகள் சாதித்தார்கள்.

1734-இல் ராபர்ட் வாக்கர் என்ற அச்சகத்தார் ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தனித்தனியாக மலிவு விலையில் போடத் தொடங்கினார். டான்சன் நிறுவனம் அதே நாடகங்களை ஏராளமாக அச்சடித்து ஒரு பென்னிக்குத் தள்ளிவிட்டது. லண்டன் சாமானியர் கைக்கு ஷேக்ஸ்பியர் அவ்வளவு மலிவாக வந்தது போட்டியாளரை ஒழிக்க நடந்த அந்த விலைப்போரில்தான். மற்ற சமயங்களில் மிரட்டலே போதுமானதாக இருந்தது. சான்சரி நீதிமன்றத்தில் ஒரு தடையாணை வாங்கிவிட்டால், வெளியூர்க் கடைக்காரருக்கு லண்டன் வந்து வழக்காட வசதியிருக்காது. 1759-இல் லண்டன் வியாபாரிகள் நிதி திரட்டி, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மறுபதிப்புகளை விற்பவர்கள்மீது வழக்குப் பாயும் என்று ஊர் ஊராகக் கடிதம் அனுப்பினார்கள்.

அச்சுக்கூடத்துக்குள்

அன்று புத்தக வியாபாரி என்றால் இன்றைய பதிப்பாளர்தான். முதல் போடுபவர், உரிமை வைத்திருப்பவர், கடை நடத்துபவர் எல்லாம் அவரே. அச்சகத்தார் அவரிடம் கூலிக்கு வேலை செய்துகொடுப்பவர்.

அந்த வேலை எப்படி இருந்தது என்பதைப் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1725-26-இல், இருபது வயதுக்கு முன்னும் பின்னுமாக, லண்டனில் வாட்ஸ் என்பவரின் அச்சகத்தில் வேலை பார்த்தார். ஏறக்குறைய ஐம்பது தொழிலாளிகள். காலை உணவுக்கு முன் ஒன்று, உணவோடு ஒன்று, மதியத்துக்கு முன் ஒன்று, மதியம் ஒன்று, மாலை ஆறு மணிக்கு ஒன்று, வேலை முடிந்ததும் ஒன்று என்று நாளுக்கு ஆறு பைண்ட் பீர் குடிக்கும் ஆள் அவருக்குப் பக்கத்தில் அச்சு இழுத்தார். கனமான ஈய எழுத்துப் பாரங்களைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்க அந்தச் சக்தி வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. தண்ணீர் மட்டும் குடித்த ஃபிராங்க்ளின் ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு பாரங்களைத் தூக்கி நடந்தார்.

அச்சிழுக்கும் பகுதியிலிருந்து அச்சுக்கோக்கும் பகுதிக்கு அவரை மாற்றியபோது, அங்குள்ளவர்கள் வரவேற்புப் பீருக்கு 5 ஷில்லிங் கேட்டார்கள். கீழே ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்று மறுத்தார். முதலாளியும் கொடுக்க வேண்டாம் என்றார். அதன்பின் ஃபிராங்க்ளின் சற்று நகர்ந்தால் போதும்; அவர் எழுத்துப்பெட்டியில் எழுத்துகள் கலந்துகிடக்கும், பக்கங்கள் இடம் மாறியிருக்கும், கோத்து வைத்தது உடைந்திருக்கும். யார் செய்தது என்று கேட்டால் அச்சகத்துப் பேய் என்பார்கள். முறைப்படி சேராதவர்களை அது படுத்துமாம். இரண்டு மூன்று வாரத்தில் ஃபிராங்க்ளின் பணத்தைக் கட்டிவிட்டார். முதலாளியின் சொல்லைவிடத் தொழிலாளர் வழக்கம் வலுவாக இருந்த இடம் அது.

தொழில்முறையே வணிகத்தையும் வரையறுத்தது. மரத்தாலான கையச்சுப் பொறிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தோல் உருண்டையால் மை தடவுவார், மற்றவர் கைப்பிடியை இழுப்பார். மணிக்கு 250 தாள் என்பது கணக்கு. அதுவும் ஒரு பக்கம் மட்டும். தாளை முன்னதாகவே நனைத்து வைக்க வேண்டும், அச்சானபின் கயிற்றில் உலர்த்த வேண்டும். முழு நூலையும் கோத்து அப்படியே வைத்திருக்கும் அளவுக்கு ஈய எழுத்து யாரிடமும் கிடையாது. சில தாள்கள் அச்சானதும் எழுத்தைப் பிரித்து அடுத்த தாளுக்குக் கோப்பார்கள். ஆகவே மறுபதிப்பு என்றால் முதலிலிருந்து மீண்டும் கோக்க வேண்டும். அதிகம் அடித்தால் விலையுயர்ந்த தாள் கிடங்கில் முடங்கும்; குறைத்து அடித்தால் மறுபடியும் கோப்புக்கூலி. பெரும்பாலான நூல்கள் 500 முதல் 1,500 படிகளுக்குள் நின்றதற்குக் காரணம் இதுதான். கிப்பனின் ரோமப் பேரரசு வரலாற்றின் முதல் தொகுதிக்கு 500 படி போதும் என்று முதலில் நினைத்தார்கள். அச்சகத்தார் வில்லியம் ஸ்ட்ரஹான்தான் அதை 1,000 ஆக்கினார். 1776 பிப்ரவரியில் வெளியான அப்பதிப்பு சில நாட்களிலேயே தீர்ந்தது.

ஸ்ட்ரஹானின் வாழ்க்கையே இத்தொழிலில் பணம் எங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி. எடின்பரோவில் பிறந்து, அச்சுத்தொழில் கற்று லண்டன் வந்தவர். நல்ல அச்சகத்தார் என்பதால் மட்டும் அவர் செல்வந்தராகவில்லை. வந்த லாபத்தை நூலுரிமைப் பங்குகளில் போட்டார். 1770-இல் அரச அச்சக உரிமையில் பங்கு, 1774-இல் நாடாளுமன்ற உறுப்பினர் பதவி, சொந்தக் குதிரைவண்டி என்று உயர்ந்தார்.

இருபது ஷில்லிங்கின் கணக்கு

வாசகர் கொடுக்கும் காசு எங்கெங்கே போகும் என்பதைச் சாமுவேல் ஜான்சன் 1776 மார்ச்சில் எழுதிய கடிதம் துல்லியமாகக் காட்டுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் நூல்கள் விற்காமல் தேங்கியபோது, அங்கிருந்த வெதரெல் என்பவருக்கு அவர் எழுதியது அது. வாசகர் 20 ஷில்லிங் கொடுத்து வாங்கும் நூலை அச்சகம் லண்டன் முகவருக்கு 14 ஷில்லிங்குக்குக் கொடுக்க வேண்டும். கிடங்கில் இடம் தருவதற்கு ஒரு ஷில்லிங் எடுத்துக்கொண்டு அவர் மொத்த வியாபாரிக்கு 15-க்கு விற்பார். கடனுக்கு அனுப்பும் மொத்த வியாபாரி வெளியூர்க் கடைக்காரரிடம் பதினாறரை வாங்குவார். கடைக்காரருக்கு மிஞ்சுவது மூன்றரை ஷில்லிங். வாடிக்கையாளர் ஓர் ஆண்டு கடன் சொன்னால் அதுவும் தேயும். 30 சதவீதம் கழிவு கொடுக்க மனமில்லாத அச்சகத்தின் புத்தகம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அலமாரியை விட்டு இறங்காது என்பது அவர் சொன்ன செய்தி. லிச்ஃபீல்டில் புத்தகக்கடை வைத்திருந்தவரின் மகன் அவர்; கடைக்காரரின் வயிற்றுப்பாடு தெரிந்தவர்.

எழுத்தாளர் கைக்கு வந்தது

வியாபாரிகள் எழுத்தாளரைச் சுரண்டினார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. ஜான்சனின் ஆங்கில அகராதிக்கு எந்தப் பிரபுவும் முதல் போடவில்லை. ராபர்ட் டாட்ஸ்லி, ஆண்ட்ரூ மில்லர், லாங்மன் முதலிய வியாபாரிகள் கூட்டாகப் போட்டார்கள். 1746 ஜூனில் ஒப்பந்தம். தொகை 1,500 கினி, அதாவது 1,575 பவுண்டு. மூன்றாண்டில் முடிப்பதாகச் சொன்ன வேலை 1755 ஏப்ரலில்தான் முடிந்தது. இரண்டு பெருந்தொகுதிகள், 2,000 படிகள், விலை நான்கரை பவுண்டு. கைதேர்ந்த லண்டன் தொழிலாளிக்கு அது ஒரு மாதக் கூலிக்கு மேல். இவ்வளவு நாள் இவ்வளவு பணம் முடங்குவதைப் பொறுத்துக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், அகராதியை நாளைக்கு வேறொருவர் அச்சடித்துவிட மாட்டார் என்ற தைரியம். ஏகபோகத்துக்குச் சாதகமாகச் சொல்லக்கூடிய வாதங்களில் வலுவானது இதுவே. மில்லர் தாராளமாகக் கொடுப்பவர் என்றும் பெயரெடுத்தார். 'டாம் ஜோன்ஸ்' நாவலுக்கு ஃபீல்டிங்கிடம் பேசிய 600 பவுண்டுக்கு மேல், விற்பனையைப் பார்த்து 100 பவுண்டு சேர்த்துக் கொடுத்தார்.

ஆனால் இந்த ஒப்பந்தங்களின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். எழுத்தாளர் பெரும்பாலும் உரிமையை மொத்தமாக விற்றுவிடுவார். பதிப்புக்குப் பதிப்பு பங்கு வருவது அபூர்வம். கிப்பனைப் போல லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேசி வாங்கியவர்கள் மிகச் சிலர். கோல்ட்ஸ்மித் வீட்டு வாடகைப் பாக்கிக்காகக் கைதாகும் நிலையில் இருந்தபோது, ஜான்சன் ஓடிப்போய் 'தி விகார் ஆஃப் வேக்ஃபீல்ட்' கைப்பிரதியை 60 பவுண்டுக்கு விற்றுக்கொடுத்தார் என்பது பிரபலமான கதை. ஃபிரான்சஸ் பர்னி தன் பெயரை வெளியிடாமல் 'எவலினா' நாவலை 20 கினிக்குக் கொடுத்தார். வாங்கியவர் தாமஸ் லவுண்ட்ஸ். மொத்தமாக விற்றவருக்கு உரிமை 28 ஆண்டு நீடித்தால் என்ன, 280 ஆண்டு நீடித்தால் என்ன? நிரந்தர உரிமை கேட்டு வழக்காடியவர்கள் எழுத்தாளருக்கு ஒரு பென்னி கூடுதலாகக் கேட்கவில்லை.

இதைப் புரிந்துகொண்டு முறியடித்த எழுத்தாளர் அலெக்சாண்டர் போப். ஹோமரின் 'இலியட்' மொழிபெயர்ப்பை 1715 முதல் 1720 வரை பல தொகுதிகளாக, தொகுதிக்கு ஒரு கினி வீதம் முன்பதிவு செய்து வெளியிட்டார். புத்தக வியாபாரி பெர்னார்ட் லிண்டாட் தொகுதிக்கு 200 கினியும், முன்பதிவாளர்களுக்கான படிகளை இலவசமாகவும் கொடுத்தார். போப்புக்குக் கிடைத்தது ஏறத்தாழ 5,000 பவுண்டு. ஆனால் முன்பதிவுப் பட்டியலை நிரப்பப் பிரபுக்களின் நட்பு வேண்டும். அது எல்லாருக்கும் வாய்க்காது.

'தி சீசன்ஸ்' வழக்கு

முடிவான மோதல் ஜேம்ஸ் தாம்சனின் 'தி சீசன்ஸ்' என்ற நெடுங்கவிதையை முன்னிட்டு நடந்தது. பருவங்களைப் பாடும் அந்நூல் வீட்டுக்கு வீடு படிக்கப்பட்டது. அதன் உரிமைகளை மில்லர் 1729-இலும் 1738-இலுமாக மொத்தம் 242 பவுண்டு 10 ஷில்லிங்குக்கு வாங்கியிருந்தார். தாம்சன் 1748-இல் இறந்தார். சட்டக் கெடு முடிந்துவிட்டது என்று கருதி, எல்லையூரான பெரிக்கைச் சேர்ந்த ராபர்ட் டெய்லர் 1763-இல் ஒரு பதிப்புப் போட்டார். மில்லர் வழக்குத் தொடுத்தார். 1769-இல் மன்ஸ்ஃபீல்ட் பிரபு தலைமையிலான நீதிமன்றம் நிரந்தர உரிமை உண்டு என்று மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வழக்கறிஞராக இருந்த நாட்களில் புத்தக வியாபாரிகளுக்காக வாதாடியவர்தான் மன்ஸ்ஃபீல்ட். மாறுபட்ட ஒரே நீதிபதி யேட்ஸ். வெளியிட்டுவிட்ட கருத்தை நிலம்போல வேலியிட்டு வைத்துக்கொள்ள முடியாது என்பது அவர் நிலைப்பாடு.

தீர்ப்புக்கு முந்தைய ஆண்டே மில்லர் இறந்துவிட்டார். அவர் சொத்து ஏலத்துக்கு வந்தபோது தாம்சன் உரிமையை 505 பவுண்டுக்குத் தாமஸ் பெக்கெட்டும் வேறு 14 பேரும் சேர்ந்து வாங்கினார்கள். ஸ்ட்ரஹான், லாங்மன், கேடல், பின்னாளில் 'எவலினா'வை வாங்கிய லவுண்ட்ஸ் எல்லாரும் அதில் பங்குதாரர்கள். எதிரே நின்றவர் எடின்பரோவின் அலெக்சாண்டர் டொனால்ட்சன். காலம் முடிந்த நூல்களை மறுபதிப்பிட்டு, லண்டனிலேயே கடை திறந்து, வழக்கமான விலையில் 30 முதல் 50 சதவீதம் குறைத்து விற்றவர். தடையாணைக்கு அஞ்சி ஓடாமல் பிரபுக்கள் சபைவரை போனார்.

1774 பிப்ரவரி 22 அன்று பிரபுக்கள் சபை டொனால்ட்சன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சட்டம் குறித்த காலம் முடிந்தால் உரிமையும் முடிந்தது. மன்ஸ்ஃபீல்ட் வாய் திறக்கவில்லை. கேம்டன் பிரபு, நிரந்தர உரிமை தந்தால் நாட்டின் கல்வி முழுவதும் டான்சன்களும் லிண்டாட்களும் வைத்த விலைக்கு அடிமையாகும் என்று முழங்கினார். மேதைகள் காசுக்கு எழுதுவதில்லை, புகழே அவர்களுக்குக் கூலி என்றும் அவர் சொன்னார். வரலாற்றாசிரியர் கேத்தரின் மெக்காலே அதே ஆண்டு ஒரு சிறுநூல் எழுதி அதற்குப் பதில் கொடுத்தார்: பரம்பரைச் சொத்து உள்ளவர்கள் பேசக்கூடிய பேச்சு அது, எழுதிப் பிழைப்பவருக்குச் சோறும் வேண்டும். வியாபாரிகளின் பக்கம் நின்ற வாதம்தான். ஆனால் அந்த வழக்கையொட்டி எழுந்த குரல்களில் எழுத்தாளரின் சொந்தக் குரலாக ஒலித்தது அவருடையது.

ஏகபோகம் உடைந்தபின்

விலைகொடுத்து வாங்கிய ஏறத்தாழ 2 லட்சம் பவுண்டு சொத்து ஒரே நாளில் மதிப்பிழந்தது என்று லண்டன் பத்திரிகை ஒன்று எழுதியது. வியாபாரிகள் நிவாரணம் கேட்டுக் கொண்டுவந்த மசோதா மக்கள் சபையைத் தாண்டிப் பிரபுக்கள் சபையில் விழுந்தது.

விளைவு விரைவில் தெரிந்தது. ஜான் பெல் 1777 முதல் ஆங்கிலக் கவிஞர்கள் வரிசையைச் சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு தொகுதிகளாக, தொகுதிக்கு ஒன்றரை ஷில்லிங் விலையில் வெளியிட்டார். எடின்பரோவில் அச்சான அவை 109 தொகுதிகளாக வளர்ந்தன. பதற்றமடைந்த லண்டன் வியாபாரிகள் நாற்பது பேர்வரை ஒன்றுகூடிப் போட்டி வரிசை ஒன்றைத் திட்டமிட்டு, கவிஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை எழுத ஜான்சனை அணுகினார்கள். அவர் கேட்டது வெறும் 200 கினி. ஆங்கில விமர்சனத்தின் பெருநூல்களில் ஒன்றான 'கவிஞர்களின் வாழ்க்கை வரலாறுகள்' இந்த வியாபாரப் போட்டியின் குழந்தை.

மற்றொரு பக்கம் ஜேம்ஸ் லாக்கிங்டன். சாமர்செட் பக்கத்துச் செருப்புத் தொழிலாளி. கிறிஸ்துமஸ் விருந்துக்குச் சாமான் வாங்கக் கையிலிருந்த அரை கிரவுனில் எட்வர்ட் யங்கின் 'நைட் தாட்ஸ்' கவிதை நூலை வாங்கி வந்து மனைவியிடம் நியாயம் சொன்னவர். தீர்ப்பு வந்த அதே 1774-இல் லண்டனில் பழைய புத்தகக்கடை வைத்தார். 1780 முதல் கடனே கிடையாது, ரொக்கம் மட்டும் என்று அறிவித்தார். விற்காமல் எஞ்சிய பிரதிகளை மலிவாக வாங்கும் வியாபாரி பாதியையோ முக்காலையோ அழித்துவிட்டு மீதியை முழு விலைக்கு விற்பதுதான் வழக்கம். லாக்கிங்டன் தொடக்கத்தில் அப்படியே செய்தார். பிறகு ஒன்றையும் அழிக்காமல் பாதி விலைக்கும் கால் விலைக்கும் விற்றார். சக வியாபாரிகள் அவரை ஏலங்களிலிருந்து விலக்கப் பார்த்தார்கள். ஃபின்ஸ்பரி சதுக்கத்தில் 'கலைத் தேவியரின் ஆலயம்' என்ற பெயரில் மாபெரும் கடை எழுப்பினார். உலகிலேயே மலிவான புத்தக வியாபாரி என்ற வாசகத்தோடு, தன் முகம் பொறித்த அரைப்பென்னி வில்லைகளையும் வெளியிட்டார்.

இருந்தாலும் 1774-ஐ வாசகரின் முழு வெற்றி என்று சொல்வது மிகை. மலிவானவை பழைய நூல்கள்தான். நூற்றாண்டின் இறுதியில் புது நூல்களின் விலை ஏறவே செய்தது. 1814-இல் உரிமைக் காலமும் 28 ஆண்டு அல்லது ஆசிரியரின் ஆயுள், இரண்டில் எது நீண்டதோ அது என்று நீட்டப்பட்டது. 1774-க்கும் அதற்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில் திறந்த வாசல் வழியாக வந்தவை மில்டன், தாம்சன், யங் போன்றோரின் படைப்புகள். வேர்ட்ஸ்வொர்த்தும் பைரனும் உயிரோடு எழுதிக்கொண்டிருந்தபோது, சாதாரண ஆங்கிலக் குடும்பம் கைக்கெட்டிய விலையில் வாங்கிப் படித்தது ஒன்றிரண்டு தலைமுறைக்கு முந்தைய கவிஞர்களை. இதை வில்லியம் செயிண்ட் கிளேர் 2004-இல் வெளிவந்த தன் ஆய்வு நூலில் விரிவாக நிறுவியிருக்கிறார்.

ஒரு மொழியின் செவ்விலக்கியப் பட்டியலை ரசனையும் விமர்சனமும் மட்டும் உருவாக்குவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அந்தப் பட்டியலின் முதல் வரைவை எழுதியவற்றில் முக்கியமானது, எந்த நூலின் உரிமை எந்த ஆண்டு காலாவதியானது என்ற கணக்கு. ஏட்டில் எழுத்தாளருக்கென்று பிறந்த உரிமையின் பலனை முதலில் வியாபாரியும், அது முடிந்தபின் வாசகரும் அனுபவித்தார்கள். எழுத்தாளருக்கு அது உண்மையான வருமானமாக, பதிப்புதோறும் வரும் பங்காக மாற இன்னும் ஒரு நூற்றாண்டு பிடித்தது.